எல்லார் மனத்துக்கும் ஒரே அளவுகோலா?

துணிக்கடையில் உள்ள மீட்டர் கோல் மதுரையிலும் 100 சென்டிமீட்டர்தான். மாஸ்கோவிலும் 100 சென்டிமீட்டர்தான். மக்களின் மொழி மாறினாலும், உணவு மாறினாலும், வழிபாடு மாறினாலும் அக்கோல் மாறுவதில்லை. ஆகையால்தான் ஓர் ஊரில் அளந்த துணியை மற்றோர் ஊரார் ஐயமின்றி வாங்குகின்றனர். மனிதனுடைய குணத்தை அளப்பதற்கும் இத்தகைய கோல் ஒன்று உண்டா? உண்டு என்று கூறிக்கொண்டு சில வினாத்தாள்கள் இன்று உலகெங்கும் உலவி வருகின்றன. 'நான் பலரோடு எளிதில் பழகுவேன்', 'எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்' என்பன போன்ற வாக்கியங்கள் அவற்றில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பது முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பது வரை ஐந்து கட்டங்கள் இருக்கும். நமக்குப் பொருந்தும் கட்டத்தில் குறியிட வேண்டும். குறிகளை எண்ணாக்கிக் கூட்டினால் நம் குணத்தின் அளவு கிடைத்துவிடும் என்பர். இத்தாள்களை ஆளுமை வினாநிரல்கள் என்று உளவியலார் அழைக்கின்றனர்.

மாணவ நண்பர்களே, நீங்கள் கல்வியை முடித்து வேலை தேடிச் செல்லும்போது இத்தகைய தாள் ஒன்று உங்கள் முன்னும் வைக்கப்படலாம். அதில் நீங்கள் பெறும் எண்ணைக் கொண்டு, 'இவர் பொறுப்புள்ளவர்', 'இவர் மனவுறுதி குன்றியவர்' என்று உங்களை முன்பின் அறியாத ஒருவர் முடிவு கட்டலாம். ஆகவே, அந்தக் கோல் ஆக்கப்பட்ட நாட்டில் செம்மையாக அளப்பதுபோலப் பிற நாட்டிலும் அளக்குமா என்று கேட்பது வீண் ஆராய்ச்சி அன்று. உங்கள் வாழ்க்கையைத் தொடும் கேள்வியே ஆகும்.

இக்கேள்வியை எனக்கு முதன்முதலில் கற்பித்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஆங்கில வினாநிரல் ஒன்றை நானே தமிழில் பெயர்த்து வகுப்பில் கொடுத்தேன். 'நான் பலரோடு கலகலப்பாகப் பேசுவேன்' என்பதற்கு அவன் 'ஆம்' என்று எழுதியிருந்தான். 'நான் வாய் திறவாமல் இருப்பவன்' என்பதற்கும் 'ஆம்' என்றே எழுதியிருந்தான். தாள் முழுவதும் 'ஆம்' தான். நான் சிறிதும் ஆராயாமல் அவனுடைய பதிவேட்டில் 'உறுதியான கருத்து இல்லாதவன்' என்று எழுதிவிட்டேன். சில நாள் கழித்து அவனை அழைத்து, "இரண்டும் எப்படியப்பா உண்மையாகும்?" என்று கேட்டேன். "அப்பா முன்னால் பேசவே மாட்டேன் ஐயா, மாடு மேய்க்கும்போது கூட்டாளிகளோடு ஓயாமல் பேசுவேன்" என்றான். "அப்படியானால் மற்றவற்றுக்கு எல்லாம்?" என்றேன். அவன் தலை குனிந்து, "ஐயா கொடுத்த தாளில் இல்லை என்று எழுதலாமா?" என்றான். அவனிடம் குறை ஒன்றும் இல்லை. குறை என் கோலில் இருந்தது. இந்த இரண்டு விடைகளின் ஆழத்தை, உலக அறிஞர் பலர் ஆயிரக்கணக்கான மக்களிடம் ஆராய்ந்து எழுதியவற்றைப் படித்த பின்னரே நான் முழுதும் உணர்ந்தேன்.

இவ்வினாநிரல்கள் பிறந்த கதையை முதலில் காண்போம். முதல் உலகப் போரின்போது, குண்டுகளின் அதிர்ச்சியால் வீரர் பலர் மனங்கலங்கிப் போயினர். அத்தகைய கலக்கத்துக்கு எளிதில் ஆளாகக் கூடியவர்களை முன்னரே கண்டறியும் பொருட்டு, அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் 'ஆம், இல்லை' என்று விடையளிக்கும் வினாக்களைத் தொகுத்தார். அவை உரிய பயனைத் தருவதற்கு முன் 1918-இல் போர் முடிந்தது. ஆயினும் பின்வந்த தாள்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி ஆயிற்று. 1943-இல் ஹாத்தவே, மக்கின்லி என்னும் இருவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆக்கிய வினாநிரல் வெளிவந்தது. ஒருவருடைய எண் மிகையா, குறைவா என்று சொல்ல வேண்டுமானால், இயல்பான மனிதர் பெறும் எண் இன்னது என்று தெரிய வேண்டும் அன்றோ? அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அப்பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த உறவினரும் நண்பருமாகிய 724 பேர். மினசோட்டா மாநிலத்து மக்கள் சிலர் இவ்வாறு உலகத்தார் மனநலத்துக்கே உரைகல் ஆயினர்.

மற்றொரு வழியும் அக்காலத்தில் தோன்றியது. மக்களுக்குள் காணப்படும் முக்கியமான குண வேறுபாடுகளுக்கெல்லாம் மொழியில் சொற்கள் பிறந்திருக்கும் என்பது அவ்வழியின் அடிப்படை. ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்னும் இருவர் ஆங்கில அகராதி ஒன்றை அலசி, மனிதரின் இயல்பைக் குறிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களை 1936-இல் தொகுத்து வெளியிட்டனர். பின்வந்தவர்கள் அச்சொற்களுள் ஒன்றோடொன்று இணைந்து வருவனவற்றைக் கணித முறையால் குழுக்களாக்கினர். முடிவில் ஐந்து பெருங்குழுக்கள் எஞ்சின. புதியன நாடும் இயல்பு, கடமை ஒழுங்கு, புறமுக நாட்டம், இணக்கம், மனக்கலக்கம் என்று அவற்றை நாம் தமிழில் சொல்லலாம். இவற்றை ஐம்பெரும் பண்புகள் என்பர். காஸ்டா, மக்ரே என்னும் அறிஞர்கள் இவற்றை அளக்க ஆக்கிய வினாநிரலின் 1992-ஆம் ஆண்டுப் பதிப்பில் 240 வாக்கியங்கள் உள்ளன. 44 வாக்கியங்களே கொண்ட சிறிய வினாநிரல் ஒன்றும் பெருவழக்காயிற்று.

இனி, ஒரு வினாநிரல் புதியதொரு நாட்டில் செம்மையாக வேலை செய்கிறதா என்று எவ்வாறு சோதிப்பது?

முதற்படி மொழிபெயர்ப்பு. 'அவன் முன்னேறுவதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது' என்று ஒரு தமிழர் சொல்வதை ஒருவர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், கேட்கும் ஆங்கிலேயர் செரிமானத்துக்கு மருந்து எழுதிக் கொடுப்பார். ஆங்கிலத்தில் துயரத்தை நீல நிறத்தால் குறிக்கும் மரபு உண்டு. அதை அப்படியே பெயர்த்தால் நாம் விழிப்போம். இத்தகைய பிழைகளைக் களைய, ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பாராத மற்றொருவர் மீண்டும் மூலமொழிக்கே பெயர்க்கிறார். இரண்டு மூலங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். மீள்பெயர்ப்பு எனத்தக்க இம்முறையை ரிச்சர்டு பிரிஸ்லின் 1970-இல் விளக்கி எழுதினார். அதன் பின் அது உலக வழக்காயிற்று.

இரண்டாம் படி உள்ளிசைவு. ஒரே குணத்தைப் பற்றிய வாக்கியங்கள் ஒத்த விடைகளைப் பெறவேண்டும். கலகலப்பானவன் என்று ஒப்புக்கொண்டவன், வாயே திறவாதவன் என்பதை மறுக்க வேண்டும். மூன்றாம் படி நிலைப்பு. இன்று கேட்டபோதும் சில காலம் கழித்துக் கேட்டபோதும் விடைகள் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். நான்காம் படி அமைப்பு ஒப்புமை. அமெரிக்காவில் ஐந்து குழுக்களாகப் பிரிந்த வாக்கியங்கள் இங்கும் அதே ஐந்து குழுக்களாகப் பிரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் படி நடத்தையோடு பொருத்தம். கடமை ஒழுங்கில் மிகுந்த எண் பெற்றவன் வயலிலும் வீட்டிலும் உண்மையாகவே ஒழுங்காக உழைக்கிறானா என்று காண வேண்டும்.

இப்படிகளைத் தாண்டிய பின்னும் ஒரு பெரிய தடை உண்டு. இரண்டு வெப்பமானிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று சென்டிகிரேடு அளவு காட்டுவது. மற்றொன்று பாரன்ஹீட் அளவு காட்டுவது. உடல் சூடேறினால் இரண்டும் ஏறும்; தணிந்தால் இரண்டும் இறங்கும். ஆயினும், ஒருவருக்கு 37 என்றும் மற்றவருக்கு 98.6 என்றும் காட்டியதைக் கண்டு, பின்னவர் உடலில் தீப்பற்றி எரிகிறது என்று சொல்வோமா? இரண்டும் ஒரே சூடுதான்; அலகும் தொடக்கப் புள்ளியும் வேறு. அதுபோல, ஒரு வினாநிரல் இரண்டு நாடுகளில் தனித்தனியே நன்றாக அளந்தாலும், இரு நாட்டாரின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுவிட இயலாது. அலகும் தொடக்கமும் ஒன்றே என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும்.

இச்சோதனைகளில் ஐம்பெரும் பண்புகள் பெற்ற வெற்றியை மறைத்தல் நடுநிலை ஆகாது. 1997-இல் மக்ரேயும் காஸ்டாவும், ஜெர்மன், போர்த்துகீசியம், ஹீப்ரு, சீனம், கொரியம், ஜப்பானியம் ஆகிய ஆறு மொழிகளில் கிடைத்த விடைகளை அமெரிக்க விடைகளோடு ஒப்பிட்டனர். அதே ஐந்து குழுக்களைக் கண்டனர். 2005-இல் 50 பண்பாடுகளைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள், தாம் நன்கறிந்த ஏறத்தாழ 12,000 பேரைப் பற்றி விடையளித்தனர். அங்கும் பெரும்பாலான இடங்களில் அவ்வமைப்பு தெளிவாகத் தோன்றியது. ஐம்பெரும் பண்புகள் மனித இனத்துக்கே பொதுவானவை என்று பலர் முடிவு செய்தனர். ஆனால் ஒன்று கவனியுங்கள். விடை அளித்தவர்கள் கல்லூரி மாணவர்கள். எந்த நாட்டவரானாலும், தேர்வு எழுதிப் பழகியவர்கள். அச்சிட்ட வினாவுக்குக் கட்டத்தில் குறியிடத் தெரிந்தவர்கள். எழுத்தறியாத உழவரிடமும் வேடரிடமும் கேட்டிருந்தால் என்ன ஆகும்?

இதற்கு விடை தென்னமெரிக்காவில் உள்ள பொலிவியா நாட்டிலிருந்து வந்தது. அமேசான் பகுதியின் ஆற்றங்கரைக் காடுகளில் சிமானே என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். வாழையும் மரவள்ளியும் நெல்லும் பயிரிடுவர், வேட்டையாடுவர், மீன் பிடிப்பர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் மைக்கேல் கர்வனும் அவருடைய துணைவர்களும், 44 வாக்கியங்கள் கொண்ட வினாநிரலை அவர்கள் மொழியில் பெயர்த்து, 632 ஆடவர் பெண்டிரிடம் விடை பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. உள்ளிசைவு போதவில்லை. நிலைப்பிலும் நடத்தைப் பொருத்தத்திலும் தக்க ஆதரவு கிட்டவில்லை. ஐந்து குழுக்களின் அமைப்பும் காணப்படவில்லை.

நல்ல ஆராய்ச்சியாளர் தம் முடிவையே முதலில் ஐயுறுவர். தம்மைப் பற்றித் தாமே சொல்வதுதான் இடர்ப்பாடோ என்று எண்ணி, வேறு 430 பேரிடம் அவரவர் கணவனை அல்லது மனைவியைப் பற்றிக் கேட்டனர், முடிவு சீர்படவில்லை. பள்ளி சென்றவர்களையும் ஸ்பானிய மொழி பேசுவோரையும் மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தனர், அப்போதும் சீர்படவில்லை. எதிர்மறையாக அமைந்த வாக்கியங்களை நீக்கிப் பார்த்தனர். புறமுக நாட்டம், இணக்கம், கடமை ஒழுங்கு ஆகியவற்றின் சாயல் சிறிது தோன்றியது. ஆயினும் ஐந்தின் அமைப்பு முழுமை பெறவில்லை. சிமானே மக்களிடம் இரண்டு பெரும் பண்புகளே முனைந்து நிற்கின்றன என்று அவர்கள் கருதினர். ஒன்று, பிறரோடு கூடி நன்மை செய்து வாழும் இயல்பு. மற்றொன்று, சோர்வின்றி உழைக்கும் இயல்பு.

இது ஏன் இவ்வாறு இருக்கலாம்? பெருநகர வாழ்வில் தொழில்கள் பல. கூச்சமுள்ளவன் கணக்கெழுதிப் பிழைக்கலாம். வாய்வன்மை உள்ளவன் வணிகம் செய்யலாம். ஆகவே குணங்கள் பல திசைகளில் தனித்தனியே வளர இடமுண்டு. சிற்றூர்க் காட்டு வாழ்வில் எல்லாரும் ஏறத்தாழ ஒரே வகைத் தொழில்களைச் செய்து, ஒருவரையொருவர் சார்ந்து பிழைக்க வேண்டும். அங்கே குணங்கள் வேறு விதமாக இணைந்து முடிச்சிடுதல் இயல்பே என்பது ஆராய்ச்சியாளர் தரும் விளக்கம். அவர்களுக்குக் குணவேறுபாடு இல்லை என்பது இதன் பொருள் அன்று. நாம் கொண்டு சென்ற பெட்டியின் அறைகளில் அவர்கள் குணங்கள் அடங்கவில்லை என்பதே பொருள்.

கோல் பொருந்தாதபோது விளையும் தீங்கைச் சீனத்தில் காணலாம். மினசோட்டா வினாநிரலைச் சீனமொழியில் பெயர்த்து, அமெரிக்க உரைகல்லைக் கொண்டே மதிப்பிட்டபோது, நல்ல மனநலம் உடைய சீனர்களும் மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகியவற்றைக் குறிக்கும் பகுதிகளில் மிகையான எண் பெற்றனர். தன்னைப் புகழாமை, உணர்ச்சியை அடக்குதல் முதலியவற்றை நற்பண்பாகப் போற்றும் சமுதாயத்தில் ஒருவர் தரும் விடை, வேறொரு சமுதாயத்தில் நோயின் அறிகுறியாக எண்ணப்பட்டுவிடும். நலமுள்ளவனை நோயாளி என்று எழுதிவிட்டால் அந்தக் கறையை எளிதில் துடைக்க இயலுமா? சீன மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட ஹாங்காங் அறிஞர் ஃபேனி சியுங் என்னும் அம்மையார், பிறர் கோலைத் திருத்துவதோடு நில்லாமல், தம் துணைவர்களுடன் சேர்ந்து சீன மக்களின் வாழ்விலிருந்தே புதிய வினாநிரல் ஒன்றை ஆக்கினார். அதில் ஐம்பெரும் பண்புகளில் அடங்காத ஒரு பண்பு வெளிப்பட்டது. முகங்கோணாமல் நடத்தல், இசைந்து வாழ்தல், பெற்ற உதவிக்குக் கைம்மாறு செய்தல் ஆகியவை கூடிய உறவுப் பண்பு அது. பின்னர் அவ்வினாநிரலை ஆங்கிலமாக்கி, சீனரல்லாத அமெரிக்கரிடம் கொடுத்தபோது அவர்களிடத்தும் அப்பண்பு தென்பட்டது! அது அங்கே இல்லாமலில்லை. எவரும் அதைப் பற்றி வினவவில்லை.

நாடுகளை ஒப்பிடுவதில் உள்ள இடர் ஒன்றையும் கூற வேண்டும். 2007-இல் வெளிவந்த 56 நாட்டு ஆராய்ச்சி ஒன்றில், கடமை ஒழுங்கில் மிகக் குறைந்த எண் பெற்றவர்களுள் ஜப்பானியரும் இருந்தனர். நேரந்தவறாத ரயில்களை ஓட்டும் மக்கள் கடமை ஒழுங்கு அற்றவர்களா? காரணம் ஒன்றை ஊகிக்கலாம். எல்லாரும் நான்கு மணிக்கு எழும் ஊரில் ஐந்து மணிக்கு எழுபவன் தன்னைச் சோம்பேறி என்பான். எல்லாரும் ஏழு மணிக்கு எழும் ஊரில் ஆறு மணிக்கு எழுபவன் தன்னைச் சுறுசுறுப்பானவன் என்பான். அவரவர் தம் அக்கம்பக்கத்தாரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிடுகின்றனர். இதனை ஸ்டீவன் ஹைனும் அவர் துணைவர்களும் 2002-இல் விளக்கிக் காட்டினர். இதனோடு, கட்டங்களில் குறியிடும் பழக்கமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜப்பானிய, சீன மாணவர்கள் நடுக்கட்டத்தையும், அமெரிக்க மாணவர்கள் ஓரக் கட்டங்களையும் மிகுதியாக நாடுவதை 1995-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

எதற்கும் 'ஆம்' என்று தலையசைக்கும் வழக்கமும் உண்டு. 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, வருவாய் குறைந்த நாடுகளும் நடுத்தர வருவாய் நாடுகளுமாகிய 23 நாடுகளில் 94,751 பேரை நேரிற் கண்டு கேட்ட 29 கணக்கெடுப்புகளை அலசியது. வழக்கமான வினாக்கள் தாம் அளக்கக் கருதிய பண்புகளைப் பெரும்பாலும் அளக்கவில்லை என்று கண்டது. ஆனால் அதே நாடுகளில் இணையத்தின் வழியே தாமாக முன்வந்து விடையளித்தோரிடம் அவ்வினாக்கள் நன்றாகவே வேலை செய்தன! ஒரே நாட்டுக்குள்ளும் கல்வி, வாழ்நிலை, கேட்கும் முறை ஆகியவை கோலை வளைக்கின்றன. இணையத்தில் வினவும் எந்திரத்திடம் 'இல்லை' என்று சொல்லக் கூச்சமில்லை. வீடு தேடி வந்து எதிரே அமர்ந்து கேட்பவரிடம் மறுத்துப் பேசப் பலருக்கு மனம் வருவதில்லை. என் மாணவன் சொன்னதும் இதுவே அன்றோ?

அப்படியானால் இவ்வினாநிரல்களை எல்லாம் குப்பையில் எறிந்துவிடலாமா? வேண்டா. தன் வீட்டுக்கு ஏற்ற கோல் தன் வீட்டில் பயன்படும். பிற இடத்துக்குக் கொண்டு செல்லும்போது மொழியைச் சோதிக்க வேண்டும். அவ்வூர் மக்களோடு அமர்ந்து, ஒவ்வொரு வினாவையும் அவர்கள் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்று கேட்டறிய வேண்டும். நேர் வாக்கியங்களையும் எதிர் வாக்கியங்களையும் சமமாக அமைத்து 'ஆம்' சொல்லும் பழக்கத்தைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். எண்ணை நடத்தையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இவை முடியும் வரை அவ்வெண்ணைக் கொண்டு எவருடைய வாழ்வையும் தீர்மானித்தல் அறமாகாது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். சிலர் ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் அமர்வீர்கள். ஒருவருடைய குணத்துக்கு எண் இட்ட தாள் உங்கள் கைக்கு வந்தால், இதனை ஆக்கியவர் யார், யாரை அளந்து ஆக்கினார், இவருக்கு இது பொருந்துமென்று சோதித்தவர் யார் என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை கிடைக்காவிடில் தாளை ஒதுக்கி வைத்து, எதிரே நிற்கும் மனிதரிடம் பேசுங்கள்.

நான் அந்த மாணவனுடைய பதிவேட்டை மீண்டும் எடுத்து, நான் எழுதிய வரியை அடித்தேன். அதன் அருகே, 'கேட்டால் தெளிவாகச் சொல்லுவான்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.